ஓரிக்கை ஆற்றில் மூன்று முழுக்கு

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கப்பல்காரர் என்றால்தான் தெரியும். கடலே இல்லாத காஞ்சிபுரத்தில், இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை தறிச் சத்தம் கேட்கிற தெருவில், நேவிக்குப் போய்வந்தவர் ஒருவர் இருந்தால் சும்மா விடுவார்களா? பொடிசுகள்கூட என்னைக் "கப்பல்காரர் வூட்டம்மா" என்றுதான் சொல்லும். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை. மறைப்பானேன்?

உலக யுத்தம் வந்து பட்டு நூல் வரத்து நின்றுபோய், தெருவில் பாதித் தறி சும்மா கிடந்த காலத்தில், பதினெட்டு வயதில், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் ரயில் ஏறிவிட்டார். யுத்தம் முடிந்து திரும்பி வந்து, மறுபடி அப்பாவின் தறியிலேயே உட்கார்ந்தார். அதற்கு அப்புறம்தான் எங்கள் கல்யாணம். ஆகவே கப்பலில் இருந்த ஆளை எனக்குத் தெரியாது. ஒரு டிரங்குப் பெட்டியும், அதில் மடித்து வைத்த ஒரு வெள்ளைத் தொப்பியும்தான் எனக்குத் தெரிந்த நேவி.

அவர் கப்பலைப் பற்றி வாயே திறக்கமாட்டார். அவர் திறக்காத வாயையும் சேர்த்து நானே திறந்தேன். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, ரங்கூன், சிங்கப்பூர், கொழும்பு என்று ரேடியோவில் கேட்ட ஊரையெல்லாம் சேர்த்துக் கதை கட்டுவேன். எதிர்வீட்டுக்காரி ஒருநாள், "நெசமாவா சொல்ற?" என்று இழுத்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க வூட்டுக்காரர் கடலையே நீந்தித் தாண்டுனவரு, தெரியுமா?" என்று அடித்துவிட்டேன். அந்த வார்த்தை ஊரெல்லாம் சுற்றிவிட்டுப் பிறகு என் முகத்திலேயே வந்து விழுந்தது.

வீட்டில் அவரைப்போல ஒரு ஆம்பிளையை நான் பார்த்ததில்லை. விடிவதற்கு முன் எழுந்து, படுத்த பாயை மூலைக்கு மூலை சரியாக வைத்துச் சுருட்டுவார். எனக்கு மூன்று பிரசவம், மூன்றுக்கும் அடுப்பு அவர் கையில். பெண்கள் இரண்டு பேருக்கும் அவர்தான் தலை பின்னுவார். அவர் பின்னிய சடை பள்ளிக்கூடம் விட்டு வந்து, பாண்டி ஆடி முடித்த பிறகும் ஒரு மயிர் கலையாது. "நைனா, வலிக்குது" என்று அதுகள் அழும். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்பதுதான் வழக்கம். "வலிக்கட்டும், அவுராது" என்பார். தூளிக்கு அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க எனக்கு அரைநாள் ஆகும்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவர் தனி. கிணற்றின் மேல் மூங்கில் தட்டி போட்டு மூடி, அதன் மேல் கல்லும் வைத்திருப்பார். பிள்ளைகள் தெப்பத் திருவிழாவுக்குப் போகக் கூடாது. ஊரே குளக்கரையில் நிற்கும், எங்கள் வீடு மட்டும் பூட்டிக் கிடக்கும். தலைக்கு ஊற்றிக்கொள்கிற அன்றைக்குக்கூடச் சொம்பால் பின்னந்தலையில் ஊற்றிக்கொண்டு, முகத்தை ஈரத்துண்டால் துடைத்துக்கொள்வார். ராணுவத்துப் பழக்கம் போல என்று முதலில் நினைத்தேன். பிறகு நினைப்பதையே விட்டுவிட்டேன்.

என்னைக் கடுப்பேற்றியது தறிக்குழிதான். எங்கள் தறி குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் குழிக்குள் தண்ணீர் ஊறும். மற்ற வீட்டு ஆம்பிளைகள் கணுக்கால் வரை ஊறினாலும் நெய்துகொண்டிருப்பார்கள். இவர் உள்ளங்கால் நனைந்ததும் எழுந்துவிடுவார். வாளியை எடுத்து இறைப்பார், சாக்கைப் போட்டுத் துடைப்பார், மறுபடி ஊறும், மறுபடி இறைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அவர் எழுந்தால் நானும் எழ வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலுக்கும் ஒரு பக்கக் கரைக்கும் அவர் ஊடு நூல் சுற்றிய நாடாவை ஓட்டுவார். வலப்பக்கக் கரைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். என் நாடா போய்ச் சேர்ந்ததும் நான் "உம்" என்பேன். அதைக் கேட்டபிறகுதான் அவர் நூலை நெருக்கப் பலகையை அடிப்பார். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் "உம்" சொன்னேனோ, அந்த ஏகாம்பரநாதருக்குத்தான் தெரியும்.

"கப்பல்ல போன காலுக்கு இந்தக் குழித்தண்ணி ஆவலியா?" என்பேன். அவர் மறுபடி வாளியை எடுப்பார்.

இப்போது என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பேசுவதே அபூர்வம். பேசினால் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. யுத்தத்தின்போது மகன் போன கப்பல் மூழ்கிவிட்டது என்று சேதி வந்திருக்கிறது. ஆள் இருக்கிறானா இல்லையா என்று ஒரு விவரமும் இல்லை. எட்டு மாதம் கடுதாசியும் இல்லை. சொந்தக்காரர்களெல்லாம் கூடி, பையனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடு, இல்லாவிட்டால் அவன் ஆத்மா அலையும் என்று நெருக்கியிருக்கிறார்கள். மாமியார் அழுது ஓய்ந்து, சரி செய்துவிடுவோம் என்ற நிலைக்கு வந்துவிட்டாராம். மாமனார் மட்டும் தறியை விட்டு எழாமல் சொன்னாராம்: "அவன்தான் எனக்குச் செய்யணும். நான் அவனுக்குச் செய்ய மாட்டேன். எல்லாம் எழுந்து போங்க." மாமியாரே இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

மகன் ஒருநாள் வாசலில் வந்து நின்றபோது கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. "நூலு வந்துருக்குது. கை கால் கழுவிட்டு வந்து ஒக்காரு" என்றாராம். ஆனால் அதற்கப்புறம் காய்ச்சல் தலைவலி என்று படுத்தாலும் அவர் வாயில் அதே பேச்சுதான். "எனக்குச் செய்ய நீ வந்துட்ட. போதும்பா."

மாமியார் போனது நல்ல கோடையில். தாய்க்குக் கடைசிப் பிள்ளை செய்வது வழக்கமாதலால் என் கொழுந்தன்தான் எல்லாம் செய்தார். ஊரை ஒட்டிய ஓரிக்கையில் பாலாறு அப்போது வெறும் மணல். ஊற்றுத் தோண்டித்தான் தலைக்குச் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டார்கள். எங்கள் பாலாறு அப்படித்தான், பெயருக்குத்தான் ஆறு.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஐப்பசியில் அந்த ஆறு திடீரென்று கரை தொட்டு ஓடியது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனது. பெண்கள் மஞ்சளும் பூவும் விட்டுக் கும்பிட்டார்கள். சொல்லிவைத்தாற்போல அந்த வாரம்தான் மாமனார் கண்ணை மூடினார். தகப்பனுக்குத் தலைப்பிள்ளை. கொள்ளி வைத்தது என் வீட்டுக்காரர். மறுநாள் பால் தெளித்து, எலும்பு பொறுக்கிப் பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, ஆற்றில் கரைக்க ஆம்பிளைகள் ஓரிக்கைக்குப் போனார்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தோளுக்குப் பின்னால் பானையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மூன்று முழுக்குப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு நாழிகையில் முடிகிற காரியம்.

மதியம் திரும்பி வந்தார்கள். என் வீட்டுக்காரரின் வேட்டி முழங்கால் வரைதான் நனைந்திருந்தது. தலை காய்ந்து கிடந்தது. நேராகத் தறி இருக்கிற அறைக்குள் போய்விட்டார். கொழுந்தன் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அண்ணி, அண்ணன் எறங்கல. மொழங்கால் தண்ணியிலயே பானையக் கட்டிப்புடிச்சிக்கினு நின்னுக்கினு இருந்தாரு. ரொம்ப நேரம். அப்பறம் கரைக்கு வந்து ஒக்காந்துட்டாரு. நான் கரைக்கட்டுமான்னு கேட்டா பானையையும் குடுக்கல. ஆத்தங்கரை புங்கமரத்துல கட்டித் தொங்கவுட்டுட்டு வந்துருக்காரு."

மாமனாரின் அண்ணன், நான் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், கூடத்தில் நின்று எல்லோரும் கேட்கச் சத்தம் போட்டார். "நாளைக்குக் காத்தால வரைக்கும் பாப்பேன். அப்பவும் எறங்கலன்னா சின்னவன் செய்யட்டும். பெத்த அப்பனுக்கு முழுக்குப் போடாத புள்ளைன்னு ஊரு காறித் துப்பும். துப்பட்டும்!"

கூடம் நிறைய ஜனம். எதிர்வீட்டுக்காரி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கடலையே நீந்துனவருன்னு சொன்னியேம்மா" என்றாள். கேலியாகச் சொன்னாளோ, பாவம் பார்த்துச் சொன்னாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறிவிட்டது. அவர் காதில் விழட்டும் என்றே கத்தினேன்.

"எட்டு மாசம் உங்களுக்குக் கருமாதி பண்ண மாட்டேன்னு ஒக்காந்துருந்தாரே அந்த மனுஷன், அவருக்கு மூணு முழுக்குப் போட முடியாதா உங்களால? கப்பல்காரராம், கப்பல்காரர்! வெக்கமா இல்ல?"

சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டு நாளாகத் தறியில் யாரும் உட்காராததால் குழி நிறையத் தண்ணீர். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாளியால் மொண்டு மொண்டு கொல்லைப் பக்கம் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சுவரோரமாக நின்றேன். அவர் நிமிராமலே பேச ஆரம்பித்தார்.

"நீ கேட்டது நியாயம்தான். நான் சொல்றேன். குறுக்க பேசாத."

இன்னொரு வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றினார்.

"கப்பல் போனது மத்தியானம். நானும் இன்னொரு பையனும் ஒரு பலகையப் புடிச்சிக்கினு கெடந்தோம். தெலுங்குப் பையன், விசாகப்பட்டணம் பக்கம். அவனுக்குக் கையில அடி. பலகையப் புடிக்க முடியல. அவன் மணிக்கட்ட நான் புடிச்சிக்கினு இருந்தேன். 'அன்னா, வதலொத்து'ன்னுக்கினே இருந்தான். நம்ம தெருவுல தெலுங்கு கேட்டு வளந்தவன்தானே நான், எனக்குப் புரிஞ்சுது. வுட்டுடாதண்ணேன்னு சொல்றான். வுட மாட்டேன்டான்னேன். அல வரும், ரெண்டு பேரும் உள்ள போவோம், மேல வருவோம். எத்தன வாட்டின்னு கணக்கு இல்ல. ஒருவாட்டி மேல வந்தேன். கையில ஒண்ணும் இல்ல."

வாளியைக் கீழே வைத்தார்.

"எப்ப வுட்டேன்னு எனக்குத் தெரியல. வேணும்னு வுட்டேனா, கை மரத்துப்போயி வுட்டேனா, அதுவும் தெரியல. அன்னியிலேருந்து தண்ணி தலைக்கு மேல போனா, மேல வரும்போது கையில இருக்கறது போயிருக்கும்னு தோணுது. நைனாவ எடுத்துக்கினு எப்படி எறங்கறது, சொல்லு."

பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்த ஆளோடு ஒரே பலகையில் உட்கார்ந்து நெய்திருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஏன் தண்ணீர் என்றால் இப்படி என்று நல்லபடியாகக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. குத்திக் காட்டத்தான் தெரிந்தது. என் வாயில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்கிற பழக்கமும் எனக்கில்லை. கொல்லையில் கிடந்த இன்னொரு வாளியை எடுத்து வந்து நானும் இறைத்தேன். குழி காய்ந்த பிறகும் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் காலையில் ஆம்பிளைகள் புறப்பட்டபோது நானும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கூடவே இறங்கினேன். எங்களில் அஸ்தி கரைக்கப் பெண்கள் போவதில்லை. பெரிய மாமா வழியை மறித்தார்.

"நீ எங்கம்மா வர்ற? பொம்பளைங்க வர்ற எடமா அது?"

"கோர்வைக்கு ரெண்டு பேரு வேணும் பெரிய மாமா. அவர் தனியா எப்படி நெய்வாரு? நான் போறேன்."

"இன்னா பேசறா இவ? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"கெட்டுத்தான் போயிருந்துது. இப்ப சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் திட்டிக்கொண்டேதான் பின்னால் வந்தார். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

ஓரிக்கையில் ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. புங்கமரத்திலிருந்து பானையை அவிழ்த்தார். அவர் போட்ட முடிச்சை அவர்தான் அவிழ்க்க முடியும். இரண்டு பேரும் இறங்கினோம். தறியில் உட்காருகிற மாதிரியே அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம். கால் வைக்கிற இடமெல்லாம் மணல் கரைந்து நழுவியது. முழங்காலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நீச்சல் தெரிந்தவர் அவர்தான், எனக்குக் கிணற்றில்கூட இறங்கத் தெரியாது. ஆனால் சொல்ல முடியுமா? அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க யாரையும் புடிக்க வேணாம். நான் புடிச்சிக்கினு இருக்கேன்" என்றேன்.

இடுப்பளவு வரை போனோம். நான் மணிக்கட்டை விடாமலே பானையைத் தோளுக்குக் கொண்டுபோனார். தோளில் வைத்தவர் அப்படியே நின்றார். கரையில் பெரிய மாமா ஏதோ கத்துகிறார், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. "நைனா" என்று ஒரே ஒருமுறை சொன்னார். பானை பின்னால் விழுகிற சத்தம் கேட்டது.

"உம்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. நாடா போய்ச் சேர்ந்தால் சொல்லுகிற வாய்.

அவர் என்னைப் பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டார். மேலே வந்தார். "உம்" என்றேன். இரண்டாவது முழுக்கு. "உம்." மூன்றாவது முழுக்கில் போனவர் வரவில்லை. நான் எண்ணவெல்லாம் இல்லை, எனக்கு உயிரே போய்விட்டது. கத்தினேனா, இழுத்தேனா, ஒன்றும் நினைவில்லை. பிறகு தானாகவே மேலே வந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். முகத்தில் வழிந்தது ஆற்றுத் தண்ணீரா கண்ணீரா என்று நான் பார்க்கவில்லை. தன் கையைக் குனிந்து பார்த்தார். என் கை அதில் இருந்தது.

"வுடு. நகம் குத்துது" என்றார்.

"கரைக்குப் போயி வுடறேன்" என்றேன்.

அந்த நாலு நகக்குறி பத்துப் பதினைந்து நாள் அவர் மணிக்கட்டில் இருந்தது. பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்த எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, பூனை கீறுச்சா?" என்றாள். "ஆமா, நான்தான் அந்தப் பூனை" என்றேன். அதோடு குழாயடியில் கப்பல் கதை சொல்வதை விட்டுவிட்டேன்.

அன்றைக்குப் பிறகு அவர் பயம் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. கிணற்றுத் தட்டி மேல் கல் அப்படியே இருந்தது. உள்ளங்கால் நனைந்தால் எழுந்துவிடுவார். ஒன்றுதான் மாறியது. மழைக்காலத்தில் அவர் எழுவதற்கு முன்னாலேயே நான் எழுந்து வாளியை எடுத்துவிடுவேன்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாதம் அவர் போனார். பெண்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் செய்து பார்த்துவிட்டார், பையன் வேலைக்குப் போவதையும் பார்த்துவிட்டார். பாலாறு காய்ந்து கிடந்தது. பையன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஆத்துல சொட்டுத் தண்ணி இல்லம்மா. மாமல்லபுரம் போயிடலாம்னு சொல்றாங்க. நைனா நேவில இருந்தவரு. கடல்ல கரைச்சா அவருக்கும் மரியாதையா இருக்கும்."

சுற்றி இருந்தவர்களெல்லாம் ஆமாம் ஆமாம் என்றார்கள். கப்பல்காரருக்குக் கடலே கிடைத்தால் அதைவிட என்ன வேண்டும் என்று எதிர்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள்.

"கடல் வேணாம்" என்றேன்.

"ஏம்மா?"

"வேணாம்னா வேணாம். ஓரிக்கையில ஊத்துத் தோண்டு. மொழங்கால் ஆழம் போதும்."

இந்தத் தடவை என்னை யாரும் தடுக்கவில்லை. பெரிய மாமாவும் அப்போது இல்லை. மணலில் உட்கார்ந்து, பையன் தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊறி, கலங்கல் தெளிந்தது. பையன் இறங்கி நின்று தோளுக்குப் பின்னால் பானையை விட்டான். அது எங்கேயும் போகவில்லை. முழங்கால் தண்ணீரில் அப்படியே மணலில் உட்கார்ந்தது.

"உம்" என்றேன்.

பையன் திரும்பி, "இன்னாம்மா?" என்றான்.

"ஒண்ணுமில்லப்பா. நீ தலைக்கு ஊத்திக்கோ" என்றேன்.